சேவலுக்குத் தீனி போட்ட என் நேர்த்திக்கடன்

ஓம் சரவணபவ!



போன கிருத்திகை அன்னைக்கு நம்ம குழுவுல ஒரு தம்பி சின்னதா ஒரு வீடியோ போட்டிருந்தார். சாலையோரத்துல ஒரு சேவல், கூட நாலஞ்சு கோழி. ஒருத்தர் பையிலிருந்து அரிசியை அள்ளி அள்ளிப் போடுறார். பின்னணியில முருகன் பாட்டு. "கந்தனின் கொடிக்கு உணவளிப்போம்"னு தலைப்பு. கீழே வரிசையா அரோகரா. நானும் ஒரு கைகூப்பு போட்டுட்டுத்தான் படுத்தேன். ஆனா தூக்கம் வரல. அந்த அரிசி அள்ளிப் போடுற கை ஒரு காலத்துல என் கையாவும் இருந்தது. அதனால என்ன நடந்துச்சுன்னு இதுவரைக்கும் யார்கிட்டயும் முழுசா சொன்னதில்ல. இன்னைக்குச் சொல்லிடறேன். அந்தத் தம்பி மேல கோபம் இல்ல, அவர் மனசு எனக்குத் தெரியும். அதனாலதான் சொல்றேன்.

நான் சிங்கப்பூர் வந்து பதினோரு வருஷம் ஆகுது. சொந்த ஊரு திருச்செந்தூர்ல இருந்து பஸ்ல முக்கால் மணி நேரம். இங்க ஒரு தொழிற்சாலையில ஷிப்ட் வேலை. வீவக அடுக்குமாடியில மூணாவது மாடி, ஒரு அறை வாடகைக்கு. ஊர்ல இருக்கிறவங்க நம்ப மாட்டீங்க, இவ்வளவு சுத்தமான நகரத்துல தெருவுல மாடு கிடையாது, நாயைப் பார்க்கிறதே அபூர்வம், ஆனா கோழி உண்டு. புளோக்குக்குக் கீழே புல்தரையில, கார் நிறுத்துற இடத்துல, பேருந்து நிறுத்தத்துல, தன் வீட்டு முற்றம் மாதிரி நடமாடும். யாருக்கும் சொந்தமில்லாத கோழிங்க. சாயங்காலம் ஆனா தூங்குமூஞ்சி மரத்துல ஏறி அடைஞ்சிடும்.

2022ல அம்மாவுக்கு இதயத்துல அறுவை சிகிச்சை. என்னால உடனே போக முடியல. ராத்திரி வேலை முடிஞ்சு வந்து புளோக்குக்குக் கீழே இருக்கிற சிமெண்டு பெஞ்சுல உட்கார்ந்து அழுதுட்டிருந்தேன். அப்போ எதிர்ல ஒரு சேவல் வந்து நின்னுச்சு. செம்பழுப்பு உடம்பு, பச்சை மின்னுற வாலு, ஒரு பக்கமா மடிஞ்ச கொண்டை. என்னையே பார்த்துச்சு. அந்த நேரத்துல அது எனக்குச் சேவலாத் தெரியல. "முருகா, அம்மா எழுந்து உட்காரட்டும், உன் சேவலுக்கு என் கையால தினமும் தீனி போடுறேன்"னு வேண்டிக்கிட்டேன். அம்மா எழுந்து உட்கார்ந்துட்டாங்க. மூணாவது நாள் போன்ல "சாப்பிட்டியாடா?"னு கேட்டாங்க. அன்னைக்கே மினிமார்ட்ல அஞ்சு கிலோ அரிசி வாங்கினேன்.

மடிஞ்ச கொண்டைக்காரனுக்குக் "கொடியான்"னு பேரு வச்சேன். கொடியில இருக்கிறவன்.

தொடங்கும்போது அவன், நாலு கோழி. அவ்வளவுதான். நான் அரிசி, மிஞ்சின சோறு, ரொட்டித் துண்டு எல்லாம் போடுவேன். என் செருப்புச் சத்தம் கேட்டாலே மூணு பக்கத்திலிருந்தும் ஓடி வரும். உண்மையைச் சொல்றேன், அந்த ஓடி வர்றதுல ஒரு போதை இருக்கு. வெளிநாட்டுல, நாம யாருன்னே யாருக்கும் தெரியாத ஊர்ல, நம்மைப் பார்த்து ஓடி வர ஒரு கூட்டம். நான் அதுக்குப் பக்தின்னு பேரு வச்சிருந்தேன்.

ஒரு வருஷம் போச்சு. ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது. அதுல சேவல் மட்டும் ஆறு.

இந்தக் கணக்கு எப்படி ஏறுதுன்னு ஊர்ல கோழி வளர்த்தவங்களுக்குத் தெரியும். ஒரு கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை வச்சு, இருபத்தொரு நாள் அடைகாத்தா குஞ்சு. காட்டுல அதுல பாதிக்கு மேல பருந்துக்கும் பாம்புக்கும் போயிடும், மிச்சம் இரை தேடி அலைஞ்சுதான் பிழைக்கணும். தீனி நிச்சயமாக் கிடைக்கிற இடத்துல அந்தக் கணக்கே மாறிடும். தாய்க் கோழி தெம்பா இருக்கும், சீக்கிரமே அடுத்த ஈடு வைக்கும், குஞ்சு தப்பிக்கும். ஊர்ல இதைக் கணக்குப் போட்டுத்தான் செய்வோம், வீட்டுக்கு எத்தனை வேணுமோ அத்தனைதான். நான் கணக்கே இல்லாம செஞ்சேன்.

நாலாவது மாடியில ஒரு அக்கா இருக்காங்க. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம், தாதி வேலை. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில்ல இருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரைக்கும் பால்குடம் எடுக்கிறவங்க. ஒருநாள் லிஃப்ட்ல என்னைப் பிடிச்சுட்டாங்க.

"தம்பி, கீழே கோழிக்குப் போடுறது நீங்கதானே?"

"ஆமாக்கா. நேர்த்திக்கடன்."

"யாருக்கு?"

"முருகனுக்கு."

"அப்போ முருகன் கோயில்ல போய்ச் செலுத்துங்க. என் ஜன்னல்ல எதுக்குச் செலுத்துறீங்க? ராத்திரி முழுக்க வார்டுல நின்னுட்டு விடியக்காலையில வந்து படுக்கிறேன். உங்களுக்கு அது கொடியான். எனக்குக் கொடியன்."

நான் சிரிச்சேன். அவங்க சிரிக்கல.

ரெண்டாவது மாடிச் சீன ஆன்ட்டியும் ஒருநாள் வந்தாங்க. அவங்க வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து படுக்கையில இருக்கிறவர். ஆன்ட்டிக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான், எனக்குச் சீனம் சுத்தமா வராது. கன்னத்துல கையை வச்சுத் தூங்குற மாதிரி காட்டினாங்க. அப்புறம் காதைக் காட்டினாங்க. அப்புறம் தலையை ஆட்டினாங்க. அவ்வளவு தெளிவா எந்த மொழியிலயும் யாரும் என்கிட்ட பேசினதில்ல. அப்பவும் நான் கேட்கல.

அன்னைக்கு ராத்திரி என்ன பண்ணினேன் தெரியுமா? "பக்தனுக்கு எத்தனை சோதனை! கந்தன் சேவலுக்குக்கூட எதிர்ப்பு"னு ஒரு குழுவுல பதிவு போட்டேன். அறுபது பேரு அரோகரா போட்டாங்க. கேட்க வேண்டிய ரெண்டு பேரு பேச்சைக் கேட்காம, என்னை முன்னப்பின்ன தெரியாத அறுபது பேரு பேச்சைக் கேட்டுக்கிட்டுத் தூங்கினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் ஷிப்ட் முடிஞ்சு வந்தேன். கீழே சத்தமே இல்ல. பையோட நின்னேன், ஓடி வர ஒண்ணும் இல்ல. மரத்தடியில வலைக்கூண்டு ரெண்டு, மடக்கி அடுக்கி வச்சிருந்தது. புல்லுல இறகு. அதுல ஒண்ணு பச்சை மின்னுறது. கூண்டை வண்டியில ஏத்திட்டிருந்த பையன் புதுக்கோட்டைப் பக்கம். "தம்பி, எங்க கொண்டு போறாங்க?"னு கேட்டேன். "தெரியலண்ணே, பிடிச்சுக் கொடுக்கிறதுதான் எங்க வேலை. இங்க யாரோ விடாம தீனி போட்டிருக்காங்கண்ணே, அதான் கூண்டுல ரொட்டியப் போட்டதும் ஓடி வந்து விழுந்துச்சுங்க"ன்னான்.

ஓடி வந்து விழுந்துச்சுங்க. மனுஷன் கையில இருக்கிற ரொட்டியைப் பார்த்து ஓடி வரணும்னு அதுகளுக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு?

அம்மாவுக்குப் போன் பண்ணினேன். அழுதுக்கிட்டேதான் சொன்னேன், அக்காவை, ஆன்ட்டியை, புகார் கொடுத்தவங்களை எல்லாம் திட்டினேன். அம்மா எல்லாத்தையும் கேட்டாங்க. "நேர்த்திக்கடன்னா உன் கையில இருக்கிறதக் குடுக்கணும்டா. மொட்டை போட்டா உன் முடி. அலகு குத்தினா உன் உடம்பு. அடுத்த வீட்டுப் பொம்பள தூக்கத்த எடுத்துச் சாமிக்குக் குடுக்க நீ யாரு?"ன்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் ரெண்டு பேருமே பேசல. அறுவை சிகிச்சை முடிஞ்சு பிழைச்சு வந்தவங்க, அவங்களுக்காக வேண்டினதுக்கே என்னைக் கேட்டாங்க.

அதுக்கப்புறம்தான் இதைப் பத்தித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

சிங்கப்பூர்ல இது புதுசும் இல்ல. 2017 தொடக்கத்துல சின் மிங் வட்டாரத்துல திரிஞ்ச 24 கோழிகளை அப்போ இருந்த வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் பிடிச்சுக் கொன்னுடுச்சு. குடியிருப்பாளர்கள்கிட்ட இருந்து வந்த புகார் 20, பெரும்பாலும் சத்தத்தைப் பத்தி. விஷயம் வெளியில வந்ததும் நாடே பேசுச்சு. வேற இடத்துல விடலாமே, சேவல் கூவுறது ஒரு குத்தமான்னு கேட்டாங்க. நாடாளுமன்றம் வரைக்கும் போச்சு. பறவைக் காய்ச்சல் ஆபத்து இருக்கு, சத்தம் மட்டும் காரணம் இல்லன்னு அரசாங்கம் விளக்கம் சொல்லுச்சு. அந்த ஆணையம் 2019ல கலைக்கப்பட்டு, விலங்குப் பொறுப்பு தேசியப் பூங்காக் கழகத்துக்குப் போயிடுச்சு. 2020 ஜூன் 1லிருந்து காட்டுயிர்களுக்குத் தீனி போடுறது நாடு முழுக்கத் தடை. முதல் தடவைன்னா 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம், திரும்பச் செஞ்சா 10,000 வரைக்கும். நான் வேண்டிக்கிட்டது 2022ல. சட்டம் வந்து ரெண்டு வருஷம் கழிச்சு. தெரியாதுன்னு சொன்னா முருகனே சிரிப்பார், ஏன்னா அந்தப் புல்தரையில பலகை இருந்தது. நான் அதும் மேலதான் அரிசிப் பையை மாட்டி வைப்பேன்.

இன்னொண்ணு. இந்தத் தீவுல காட்டுக்கோழியும் உண்டு, செந்நிறக் காட்டுக்கோழி. சாம்பல் காலு, காதுகிட்ட வெள்ளைத் திட்டு. புலாவ் உபின் தீவுப் பக்கம் போனா பார்க்கலாம். உலகத்துல உள்ள அத்தனை வீட்டுக் கோழிக்கும் மூதாதை அதுதான். நெல் விளைஞ்ச இடம் தேடி அது மனுஷன்கிட்ட வந்துச்சு, சுமார் 3,500 வருஷத்துக்கு முன்னாடி தென்கிழக்காசியாவுல வீட்டுப் பறவையாச்சுன்னு 2022ல வந்த ஒரு ஆய்வு சொல்லுது. அப்பவும் அரிசிதான் பாருங்க. இப்போ தெருக்கோழி பெருகப் பெருக அந்தக் காட்டுக்கோழியோட கலந்து, அசல் காட்டு இனமே கரைஞ்சு போயிடுமோன்னு இங்க ஆராய்ச்சியாளர்களுக்குக் கவலை. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கிறது சாம்பல் காட்டுக்கோழி, அது வேற இனம். குறிஞ்சி நிலத்து முருகன் கேட்ட கூவல் அதுவாத்தான் இருக்கும்னு நான் நினைச்சுக்குவேன். இது என் ஆசை, ஆராய்ச்சி இல்ல.

கூவுறதைப் பத்தியும் படிச்சேன். ஜப்பான்ல நகோயா பல்கலைக்கழகத்துல 2013லயும் 2015லயும் ரெண்டு ஆய்வு வந்துச்சு. சேவல் வெளிச்சத்தைப் பார்த்துக் கூவுறது மட்டும் இல்ல, அது உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கு, விடியறதுக்கு முன்னாடியே அது எழுப்பி விட்டுடும். வெளிச்சம், பக்கத்துச் சேவலோட சத்தம், இதுவும் தூண்டும். இன்னும் ஒண்ணு, கூட்டத்துல பலசாலியா இருக்கிற சேவல்தான் முதல்ல கூவும். அடுத்த படியில இருக்கிறது அதுக்கப்புறம், அப்படியே கடைசி வரைக்கும் வரிசைப்படி. ஒரே சேவல் இருந்தா ஒரு கூவலோட போகும். ஆறு இருந்தா ஒண்ணு முடிய ஒண்ணு. தெருவிளக்கு ராத்திரி முழுக்க எரியற இடத்துல நாலரை மணிக்கே ஆரம்பிச்சா, வார்டுல இருந்து வந்து படுத்த ஒருத்திக்கு அது எப்படி இருக்கும்? கொடியான் மட்டும் இருந்தப்போ அந்தக் கட்டடத்துல யாரும் ஒரு வார்த்தை சொல்லல. ஆறாக்கினது நான்.

இப்போ கந்தபுராணத்துக்கு வர்றேன். கதை எல்லோருக்கும் தெரியும். ஆனா நான் இத்தனை வருஷமா அதுல ஒரு இடத்தைக் கவனிக்காமலே விட்டிருந்தேன்.

சூரபத்மன் கடல் நடுவே மாமரமாக நின்றான். முருகப் பெருமான் வேலை விடுத்தார். மரம் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி சேவல், மறு பாதி மயில். நம்மில் பலர் இந்த இடத்திலேயே அரோகரா சொல்லிவிட்டு எழுந்துவிடுவோம், திருச்செந்தூர்க் கடற்கரையில சூரசம்ஹாரம் முடிஞ்சதும் கூட்டம் எழுந்திருக்கிற மாதிரி. ஆனால் கச்சியப்ப சிவாச்சாரியார் அங்கே முடிக்கவில்லை. அந்தச் சேவலும் மயிலும் பணிந்து வரவில்லை. சினந்து வந்தன. பிளந்த பிறகும் சூரன் சூரனாகவே வந்தான். வேல் பட்டதனால் அவன் மாறவில்லை. பெருமான் அருளோடு பார்த்தார். அந்தப் பார்வையில்தான் பகை நீங்கித் தெளிந்தது. பிறகு மயிலுக்கு வாகனம் என்று ஓர் இடம். சேவலுக்குக் கொடி என்று ஓர் இடம்.

அவர் சேவலைக் கொல்லவில்லை. கொத்த வந்ததைக் கொத்தட்டும் என்று அதன் போக்கில் விடவும் இல்லை. ஆட்கொண்டார். ஆட்கொள்வது என்றால் இடம் கொடுப்பது. இடம் என்று ஒன்று இருந்தால் அதற்கு எல்லையும் இருக்கும். கொடியில் இருக்கும் சேவலுக்குக் கொடிக்கம்பம்தான் எல்லை.

நான் என்ன செஞ்சேன்? கொடிச் சேவலை இறக்கிக் கார் நிறுத்துற இடத்துல விட்டேன். அதுக்கு எல்லை இல்லாம பண்ணினேன். எல்லை இல்லாத உயிருக்கு நகரத்துல கடைசியில கிடைக்கிறது கூண்டுதான். பிடிச்சவங்க மேல எனக்கு இருந்த கோபம் அன்னையோட போச்சு. அவங்க செஞ்சது சரியா தப்பான்னு வாதாடலாம், கொல்றது முதல் வழியா இருக்கக் கூடாதுன்னுதான் இன்னைக்கும் நான் சொல்லுவேன். ஆனா அந்த நிலைமைக்குக் கொண்டு வந்து நிறுத்தினது என் அரிசி.

சிலர் கேட்பீங்க, "அண்ணா, பசிச்ச உயிருக்குச் சோறு போடுறது தப்பா?"னு. பசிச்சதுக்குப் போடுங்க. அந்தக் கோழிங்க பசிச்சு இருக்கல. புல்லுல பூச்சி, விதை, புழு எல்லாம் கிளறித் தின்னு நல்லாத்தான் இருந்துச்சு. என்கிட்ட வந்த சேவல் பசிச்சு வரல, அழுத என்னை வேடிக்கை பார்க்க வந்துச்சு. பசி என்னோடது. அப்புறம் இன்னொண்ணு கேட்பீங்க, தினமும் கோப்பிக்கடையில கோழிச்சோறு வரிசையில நிக்கிற நாம சேவலைப் பத்திப் பேசலாமான்னு. அதுவும் சரியான கேள்விதான். செவ்வாய், கிருத்திகை, சஷ்டி மட்டும் சைவம் இருக்கிறவன் நான். அதை இந்தப் பதிவுல தீர்க்க முடியாது.

ஹவாயில கவாய்னு ஒரு தீவு இருக்கு. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகள் குரு பரம்பரையில வந்த சைவ ஆதீனம் 1970லிருந்து அங்க இருக்கு. அந்தத் தீவுல கடற்கரை, கடைத்தெரு, விமான நிலையம் எங்கும் கோழி. 1982லயும் 1992லயும் அடிச்ச ரெண்டு பெரும் புயல்ல கூண்டு உடைஞ்சு தப்பிச்சதுதான் பெருகிடுச்சுன்னு அங்க உள்ளவங்க சொல்வாங்க. கோழிமுட்டை தின்கிற கீரி அந்தத் தீவுல குடியேறாததும் ஒரு காரணம். பக்கத்துத் தீவுல ஹொனலுலு நகராட்சி கூண்டு வச்சுப் பிடிக்க ஆளே அமர்த்தியும் ஓயல. தீனி இருக்கிற வரைக்கும் பிடிச்ச இடத்துக்கு வேற வந்து நிரப்பிடும். இது எல்லா ஊருக்கும் பொருந்தும்.

எங்க புளோக்குலயும் அப்படித்தான். நாலு மாசத்துல ரெண்டு கோழி, ஒரு சேவல், எங்கிருந்தோ வந்து சேர்ந்துச்சு. இந்தத் தடவை நான் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். மன்னிப்புக் கேட்டேன். "கேட்டது போதும், வேலையைப் பாருங்க"ன்னாங்க. குடியிருப்பாளர் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. முதல்ல தீனியை நிறுத்தணும்னு முடிவாச்சு. என்னைத் தவிர இன்னும் மூணு பேரு போட்டுட்டிருந்தாங்க, அதுல ரெண்டு பேருகிட்ட நான்தான் போய்ப் பேசினேன். குப்பைத் தொட்டி மூடி, சிந்தின சோறு, இதெல்லாம் பார்க்க ஆரம்பிச்சோம். ஜன்னலை ஒட்டின கிளைகளைக் கழிச்சாங்க, அடைய இடம் தள்ளிப் போச்சு. அப்புறம் முட்டை.

முட்டைன்னதும் எனக்குக் கை நடுங்கிடுச்சு. உயிராகப் போறதை எடுக்கிறதான்னு. நாமளா எடுக்கக் கூடாது, அதுக்கான ஆளுங்க வந்துதான் எடுப்பாங்க. ஆனா எங்க வைக்குதுன்னு அவங்களுக்குத் தெரியல. எனக்குத் தெரியும். ஒரு வருஷமா அதுங்க பின்னாடியே திரிஞ்சவன் இல்லையா? மின்பெட்டிக்குப் பின்னாடி, செம்பருத்திப் புதருக்குள்ள, படிக்கட்டுக்கு அடியில கிடந்த பழைய அட்டைப்பெட்டியில. காட்டிக் கொடுக்கிறதா வேண்டாமான்னு ஒரு ராத்திரி யோசிச்சேன். மறுபடி அம்மாதான்.

"மொத்தமா எடுத்தா அது வேற எடம் பாத்துக்கும். ஒரு கூமுட்டையப் போட்டு வச்சுட்டு மிச்சத்த எடுக்கச் சொல்லு, அங்கேயே வந்து வைக்கும். தெனம் எடுத்துக்கலாம்."

"கூமுட்டைக்கு எங்கம்மா போறது?"

"நீதான் இருக்கியே."

ரொம்ப நாள் கழிச்சு ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சோம்.

வந்த ஆளுங்ககிட்ட இதைச் சொன்னேன். அதுல ஒருத்தர் பட்டுக்கோட்டைக்காரர், "எங்க ஆத்தாவும் இதான் பண்ணும்"னார். செம்பருத்திக்கு அடியில குனிஞ்சு அந்தக் கூட்டைக் காட்டினேன். ஏழு முட்டை. அடைக்கு உட்காரல இன்னும், தொட்டுப் பார்த்தார், சில்லுன்னு இருக்குன்னார். நான் கண்ணை மூடிச் சரவணபவ சொன்னேன். பாவமா புண்ணியமான்னு எனக்கு இன்னும் விளங்கல. வலைக்கூண்டுக்கு முன்னாடி நின்னதைவிட அன்னைக்கு மனசு பாரம் கம்மியா இருந்துச்சு, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அரிசி வாங்குறதை நிறுத்தல. மாசம் அஞ்சு கிலோ இப்போ கோயில் அன்னதானத்துக்குப் போகுது. நேர்ந்துக்கிட்டது நேர்ந்துக்கிட்டதுதானே. சில முருகன் கோயில்கள்ல உயிரோட சேவலையே காணிக்கையா விடுற வழக்கம் உண்டு, நம்ம குழுவுலயும் சிலர் செலுத்தியிருக்கீங்க. செலுத்துறதுக்கு முன்னாடி, அந்தச் சேவல் அப்புறம் எங்க போகும்னு கோயில்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. வீடியோ போட்ட தம்பி, நீங்க இதைப் படிச்சா எனக்குத் தனியா ஒரு மெசேஜ் போடுங்க. உங்க தெருவுல மேல் மாடியில யார் இருக்காங்கன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க.

அந்த ஒத்தைச் சேவல் இன்னும் எங்க தூங்குமூஞ்சி மரத்துலதான் இருக்கு. மரத்தோட அந்தப் பக்கத்துக் கிளைக்குப் போயிட்டான். பேரு வைக்கல. நேத்து லிஃப்ட்ல அக்கா சொன்னாங்க, "ஒண்ணே ஒண்ணு கூவுது தம்பி. அந்த நேரம் எனக்கு வார்டுல இருந்து வீட்டுக்குக் கிளம்புற நேரம். லீவுல இருந்தா அது கூவினதும் விளக்கு ஏத்திடறேன்."

இன்னைக்குக் காலையில அஞ்சு மணிக்குக் கூவினான். பதிலுக்கு எதுவும் கூவுதான்னு படுத்தபடியே கேட்டேன். எதுவும் கூவல. நான் எழுந்து கீழே போகல.

வேலும் மயிலும் சேவலும் துணை.